மூச்செடுக்காத அழுகை

ஜூன் 3, செவ்வாய்

பாப்பா தூங்கியதும் குளிக்கப் போனேன். தலையில் முதல் சொம்பு விழுந்ததும் அழுகை. சோப்பு நுரையோடு ஓடி வந்து பார்த்தால் வாய் பாதி திறந்தபடி நல்ல தூக்கம். திரும்பிப் போனேன். மறுபடி அழுகை. மறுபடி ஓடினேன். அதே வாய், அதே தூக்கம். இன்றும் முதுகு தேய்க்காத குளியல்தான்.

முதலில் குழாயைத் திறந்தால் மட்டும் கேட்டது. பிறகு மிக்ஸியில். இப்போது மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தாலும் அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுகிறது.

நான் இயற்பியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஒலி என்பது காற்றில் போகும் அலை என்று எழுதி முதல் வகுப்பு வாங்கியிருக்கிறேன். அலையே இல்லாமல் கேட்கிறதே, இதற்கு எந்தத் தாளில் விடை எழுதுவது?

அம்மாவிடம் சொல்ல முடியாது. "படிச்சவ நீ, உனக்குத் தெரியாததா"ன்னு ஆரம்பிப்பாள். இவரிடமும் சொல்லவில்லை. இவரிடம் சொன்னால் அத்தைக்குப் போகும்.

ஜூன் 4, புதன்

அத்தை போனில் முகம் பார்த்துப் பேசினார். "கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சேம்மா. ஆறு மாசத்துக்குக் குழந்தைய எங்கிட்ட விடு. நீ தேறி, ஒரு வேலையும் தேடிக்கோ. அடுத்த மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அத்தை கெட்டவர் இல்லை. அதுதான் பயம். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம்.

இவர் "யோசிப்போம்மா" என்றார். இவர் அகராதியில் யோசிப்போம் என்றால் பாதி சம்மதம். மருமகளுக்கு இல்லாத அழுகை கேட்கிறது என்று தெரிந்தால் மீதிப் பாதியும் சேர்ந்துவிடும். பாப்பாவை எங்கோ தள்ளி ஒரு ஊரில் வைத்துவிட்டு நான் இங்கே உட்கார்ந்து இந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பேனா?

ஜூன் 6, வெள்ளி

தடுப்பூசி. ஊசி போடும் அக்கா பாப்பாவை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா வீட்ட விட்டு வெளிய வந்தே?"

"இப்பதான் வந்திருக்கேனே."

"ஊசிக்கு வந்ததெல்லாம் கணக்குல சேராது."

வியாழக்கிழமை காலையில் கைக்குழந்தைக்காரிகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவின் பின்பக்கக் குளத்தடியில் உட்காருவாராம். "பாட்டு, பயிற்சி ஒண்ணும் கிடையாது. புல்லுல உட்காருவோம், தண்ணியப் பாப்போம், நடப்போம். வா."

தலையாட்டிவிட்டேன். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

போனேன். பெரிய மர நிழலில் பாய்கள், அவற்றின் மேல் குழந்தைகள். குளத்தின் எதிர்க்கரை முழுக்கக் கோரை, ஆள் உயரம். ஓரத்தில் ஒரு கொக்கு, எங்களைவிடப் பொறுமையாக.

இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருத்தி தன் குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுத் தனியாகக் குளத்தைச் சுற்றி வர வேண்டும். எதிர்க்கரைக்குப் போனால் காற்றில் இங்கே பேசுவது கேட்காது. அதனால் ஒரு கழியில் துணி கட்டித் தூக்கிப் பிடிக்கிறார்கள். வெள்ளை என்றால் குழந்தை நன்றாக இருக்கிறது, நட. சிவப்பு என்றால் வா. வெள்ளை பறக்கும்வரை என்ன தோன்றினாலும் திரும்பி ஓடி வரக் கூடாது. காதை நம்பாதே, துணியை நம்பு என்பதுதான் சட்டம்.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். பாப்பாவின் பாயை விட்டு நகரவில்லை.

கழியோடு நின்ற தையல்காரி, "போயிட்டு வா, வித்துட மாட்டோம்" என்றாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன். பாயில் நிற்காமல் கால்களுக்கிடையே சுற்றிக்கொண்டே இருப்பான். எல்லாருக்கும் வாண்டு.

"எனக்கு விக்கக்கூட வேணாம், சும்மாவே தரேன்" என்றாள் இரட்டைக்காரி, ஆளுக்கொரு தொடையாக இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு. "இருக்கறதுல ஒண்ண எடுத்துக்க ஆள் தேடிட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

பாப்பா தூங்கும்போது அவளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இவள் அழவில்லை என்றால் அழுவது யார்?

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்தேன். பாதி வட்டம் தாண்டவில்லை, கோரைக்குள்ளிருந்து அழுகை. பாப்பாவின் குரல், அவளுடைய அதே இழுப்பு. அக்கரையில் வெள்ளைத் துணி பறக்கிறது. ஓடினேன்.

வந்து பார்த்தால் பாப்பா ஒரு இலையைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைதானே காட்டினேன்? கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள் தையல்காரி.

"செருப்பு வார் அறுந்துடுச்சு" என்றேன்.

அவள் என் செருப்பைப் பார்த்தாள். வார் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

கட்டிலின் காலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, குளியலறைக் கதவிடுக்கில் தெரியும்படி வைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரி. மாற்றிக் கட்ட ஆள் இல்லாத துணி வெறும் துணிதானே.

ஜூன் 26, வியாழன்

முழு வட்டம்!

அழுகை இன்றும் வந்தது. கோரை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை கூடவே வந்தது. நான் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெள்ளை, வெள்ளை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

ஓடாமல் கேட்டதால் ஒன்று பிடிபட்டது. நிஜமாக அழுகிற குழந்தை நடுவில் மூச்செடுக்கும். பாப்பா ஓங்கி அழுது நிறுத்துவாள், வயிறு உள்ளே போகும், சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில்தான் எனக்கு உயிர் போய் வரும். இந்த அழுகைக்கு அது இல்லை. கம்பி இழுத்த மாதிரி ஒரே நீட்டு. மூச்சே எடுக்காமல் எது அழும்? ஆனாலும் ஒரு தைரியம். இதற்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

அத்தை ஞாயிறு வருகிறாராம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போகும்போது இரண்டு டிக்கெட்டா என்று இவர் கேட்கவில்லை. கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாதே.

ஜூலை 3, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

இன்றும் தையல்காரிதான் கழி பிடித்தாள். நான் நடந்தேன். கோரை தொடங்கியதும் அழுகை. துணியைப் பார்த்தேன். வெள்ளை. சரி, நீ வா, நீ வராமல் இருப்பாயா என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். அழுகை நின்றது. ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு விசும்பலோடு மறுபடி கிளம்பியது.

மூச்சு எடுக்குது. ஐயோ, இது மூச்சு எடுக்குது.

துணியைப் பார்த்தேன். வெள்ளைதான். பாப்பா பாயில்தான் இருக்கிறாள். அப்போ இது யாரு? சட்டப்படி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. கோரையைப் பிளந்துகொண்டு இறங்கினேன். கை முழுக்கக் கீறல். சேற்றில் இடுப்புவரை புதைந்து வாண்டு நிற்கிறான், கோரையை இரண்டு கையாலும் பிடித்தபடி. என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "நானும் ரவுண்டு" என்றான்.

என் பின்னாலேயே வந்திருக்கிறான். நான் துணியையே பார்த்தேன், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இரட்டைக்காரியிடம் இருக்கிறான் என்று தையல்காரி நினைத்தாள். அம்மா காலடியில் இருக்கிறான் என்று இரட்டைக்காரி நினைத்தாள். நடக்கிறவளின் குழந்தைக்குத்தான் துணி; நடக்கிற குழந்தைக்கு ஒரு துணி வேண்டும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

நான் இழுக்க இழுக்கச் சேறு விட மாட்டேன் என்றது. ஒரு வழியாக அவனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து கத்தினேன். எனக்கு இவ்வளவு சத்தம் வரும் என்று இன்றுதான் தெரியும். தையல்காரி குளத்தைச் சுற்றி ஓடி வந்தாள். கையில் இன்னும் கழி, அதில் வெள்ளைத் துணி. வந்ததும் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் அள்ளிக்கொண்டாள், அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மரத்தடிக்குத் திரும்பிய பிறகு கேட்டாள். "எங்க யாருக்குமே கேக்கலையே. உனக்கு எப்படிடி கேட்டுச்சு?"

"எனக்கு எப்பவும் கேக்குது."

வாய் திறந்துவிட்டது. மூட முடியவில்லை. குழாய், மிக்ஸி, நாற்காலி, செருப்பு வார் அறுந்த பொய், எல்லாம் சொன்னேன். போச்சு, இன்னிக்கே அத்தைக்குப் போன் போயிடும்னு நினைச்சேன்.

"குளிக்கறப்பவா?" என்றாள் இரட்டைக்காரி.

"ஆமா."

"எனக்கு ரெண்டும் சேர்ந்து கேக்கும். அதுல ஒருத்தன் சுருதி வேற சேராது."

யார் முதலில் சிரித்தது தெரியவில்லை. தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள். தனக்குத் தையல் மெஷினில் கேட்கும் என்றாள். பெடலை நிறுத்தி நிறுத்தி ஒரு ரவிக்கை தைக்க ரெண்டு நாள் ஆகுதாம்.

ஊசி அக்கா என் கையில் மருந்து போட்டுக்கொண்டே சொன்னார்: "நிறைய பேருக்குக் கேக்கும்மா, சொல்லத்தான் மாட்டாங்க. ஆனா இவ்வளவு மாசமா நீ சரியா தூங்கல. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நானும் கூட வரேன். அதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

ஜூலை 4, வெள்ளி

சொன்னேன். அழுகை, குளத்தடி வெள்ளைத் துணி, எல்லாம். இவர் பனியனை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"இப்ப கேக்குதா?"

"இல்ல."

"அம்மாகிட்ட நான் பேசறேன். நீ போய்க் குளி."

போனேன். அழுகை வந்தது. கதவைத் திறக்கத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கதவுக்கு மேலே இருக்கும் இடைவெளியில் இவருடைய வெள்ளைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"தெரியுதா?" என்றார் வெளியிலிருந்து. "கை வலிக்குது, சீக்கிரம்."

ஜூலை 6, ஞாயிறு

அத்தை வந்தார். பெரிய பை, பாதி காலி. மீதிப் பாதி யாருடைய துணிக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை 10, வியாழன்

டாக்டரைப் பார்த்தது திங்கள். பகலில் தூங்கச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

இன்று அத்தையையும் குளத்தடிக்குக் கூட்டிப் போனேன். தையல்காரி மஞ்சளில் ஒரு துணி தைத்து, விளிம்பெல்லாம் மடித்து அழகாகக் கொண்டு வந்திருந்தாள். நடக்கிற குழந்தை ஒன்று கண்ணில் படவில்லை என்றால் மஞ்சள். உடனே எல்லோரும் தேட வேண்டும்.

நான் நடக்கும்போது கழியைப் பிடித்தது அத்தை. அக்கரையிலிருந்து பார்த்தேன். கழியைத் தோளில்கூடச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்தபடி, கொக்கைப் போல நின்றார். கோரைக்குள் அழுகை இருந்தது. இந்த முறை துணியையும் பார்த்தேன், திரும்பியும் பார்த்துக்கொண்டேன்.

"கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல" என்றார் வீட்டுக்கு வரும் வழியில். பாப்பா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசல் வந்ததும் அவளை என் தோளுக்கு மாற்றினார்.

ஜூலை 16, புதன்

அத்தை கிளம்பினார். பை இன்னும் பாதி காலிதான். ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. இவர் தூக்கிக்கொண்டு போனார்.

ஜூலை 18, வெள்ளி

பாப்பா தூங்கினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கதவு மேல் துண்டும் இல்லை.

முதல் சொம்பிலேயே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நீண்டது, நீண்டுகொண்டே போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அது மூச்செடுக்கக் காத்திருந்தேன். எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டேன். முதுகும் தேய்த்தேன்.