கரித்துண்டு

தமாம்
9-2-1981

அன்புள்ள அம்மாவுக்கு, அரியமுத்து கும்பிட்டு எழுதறது. நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். உன் மூச்சிரைப்பு இப்ப எப்படி இருக்கு? தங்கச்சி அம்சவள்ளி, இதை அம்மாவுக்கு நிதானமா படிச்சுக் காட்டு.

பம்பாயில பிளேன் ஏறி, நடுவுல ஒரு ஊர்ல எறங்கி வேற பிளேன் மாறணும். அங்க பையைச் சோதிச்சாங்க. அரியலூர் டேசன்ல நீ குடுத்த புளிச்சோத்துல கடைசிப் பொட்டலம் மிச்சம் இருந்துச்சு. அதைப் பிரிச்சதும், காத்துக் கருப்பு பின்னாடி வராம இருக்க நீ வச்ச கரித்துண்டு வெளியில வந்துச்சு. என்னான்னு கேட்டாங்க. அவங்க பாஷையும் தெரியல, பேய்க்குப் பயந்து வச்சதுன்னு எப்படிச் சொல்றது? ஓரமா நிக்க வச்சுட்டாங்க. கூட வந்தவங்க எல்லாம் பிளேனுக்குப் போயிட்டாங்க. ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயந்து, வெறும் கரிதான்னு கடிச்சு மென்னு காட்டினேன். பெரிய ஆபீசரு சிரிச்சுட்டாரு. சோத்தைக் குப்பையில போட்டுட்டு என்னை விட்டுட்டாங்க. பயப்படாதே, பிளேனைப் பிடிச்சுட்டேன்.

மிச்சக் கரி பொட்டியில இருக்கு. இங்கயும் அரியலூர் மாதிரி சிமெண்டு மூட்டை தூக்கற வேலைதான். ரூம்ல எட்டுப் பேரு, தமிழ் பேச ஒருத்தரும் இல்ல. அம்சவள்ளியை வாரம் ஒரு கடுதாசி போடச் சொல்லு. ஆடு குட்டி போட்டதைக்கூட எழுதட்டும்.

வேலைக்கு வண்டி வந்துருச்சு. லீவுல வந்துட்டுத் திரும்பறப்ப சோத்துல கரி வைக்காதேம்மா. துணைக்கு எதுவாச்சும் கூட வரட்டும்.

உன் மகன்
அரியமுத்து