ஒழுங்கைக்கு இறங்காத கிருமி

மார்கழி 3, புதன்

விடியவே மழை. காய்ச்சல் சற்று இறக்கம். இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றி வீக்கம்.

வருத்தத்துக்குப் பெயர் கிடைத்தது: மெலியோய்டோசிஸ். இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம். சேற்றிலும் வெள்ளத்திலும் கிடப்பது. கடைக் களஞ்சியத்துக்குள் வெள்ளம் ஏறிய அன்று வெறுங்காலோடு இறங்கி விதை வெங்காய மூட்டைகளைத் தூக்கினேன். குதிக்காலில் வெடிப்பு. அதுதான் கிருமி உள்ளே வந்த படலை. மூட்டைகள் தப்பின.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் அந்தோனி அண்ணை, குருநகர் ஆள், காலில் மீன்முள் குத்திய புண். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெங்காயத்தைக் காப்பாத்தப் போய் உம்மையெல்லோ வித்துப்போட்டீர்."

மார்கழி 5, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. காய்ச்சல் இல்லை. நல்ல பசி.

மழை விட்டால் தோட்டங்களில் நடுகை. விதை வெங்காயம் விற்கிற கிழமை இதுதான். என் கடை பூட்டிக் கிடந்தால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். நானும் அப்படித்தான் மற்றவர்களின் ஆட்களைப் பிடித்தேன்.

டொக்டர் பிள்ளையிடம் கேட்டேன். மானிப்பாய்ப் பிள்ளை, கெட்டிக்காரி, எத்தனை தரம் கேட்டாலும் கதைக்கப் பஞ்சிப்படாது. வீட்டுக்கு இப்போது விட ஏலாதாம்; இன்னும் ஊசி, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் குளிசை என்கிறது. காய்ச்சல் விட்டவனுக்கு எதற்கு?

மனைவி சரோவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு சாப்பாட்டுப் பையின் அடியில் என் வெள்ளைச் சேட்டும் வேட்டியும். பார்க்க வருகிற சனத்தோடு சனமாக வெளியே போய்விடலாம். சரோ முகத்தை நீட்டினாள். கொண்டுவருவாள்.

மார்கழி 6, சனி

தூறல். தேத்தண்ணீர் சீனியில்லாமல், கசாயம் மாதிரி.

ஒரு கேள்வி நேற்று முழுக்க அரித்தது. கிருமி வந்தால் பிடித்து விழுங்க உடம்பில் வெள்ளை அணுக்கள் உண்டு என்பது எட்டாம் வகுப்போடு விட்ட எனக்கே தெரியும். அவை என்ன செய்துகொண்டு நின்றன? டொக்டர் பிள்ளையிடம் கேட்டேன். கட்டில் ஓரத்தில் இருந்து, குளிசை உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டியது.

கிருமிக்கு மேலே சீனியால் ஆன ஒரு போர்வை. உடம்பு கிருமியில் குறி ஒட்டினால்தான் பிடிக்கிறவனுக்குச் சுகம். போர்வைக்கு மேல் குறி சரியாக ஒட்டாது. (எனக்குச் சீனி வருத்தம், அதற்குச் சீனிப் போர்வை. நல்ல சோடி.) என் சீனியால் காவல்காரருக்கும் மந்தம். சரி, பிடித்து விழுங்கியாயிற்று என்று வை. விழுங்கிய அணு அதை ஒரு பைக்குள் அடைத்துக் கரைக்கப் பார்க்கும். இது கரைவதற்கு முன்பே பையை உடைத்துக்கொண்டு அணுவுக்குள் இறங்கிவிடும். பிடித்தவன் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பிள்ளைகுட்டி.

விடவில்லை நான். "அடுத்த அணுவுக்குப் போக வெளியிலை வரத்தானே வேணும்? அப்ப பிடிக்கலாமே, பிள்ளை?"

"அங்கைதான் ஐயா அதின்ரை கெட்டித்தனம். வெளியிலை வராது. பக்கத்து அணுவின்ரை சுவரையும் இந்தச் சுவரையும் ஒண்டாக்கிப்போட்டு, உள்ளாலையே போகும்."

சிரித்துவிட்டேன். பிள்ளை பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

பின்னேரம். ஏன் சிரித்தேன் என்பது. சண்டைக்கால ஊரடங்கு நாட்கள். வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையின் முனையில் ஆமி. படலையைத் திறந்தால் துவக்குச் சூடு. ஆனால் வேலிக்கு வேலி பொட்டு, ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய். எல்லாம் என் தோளில், வீட்டுக்கு வீடு, பொட்டுக்குள்ளால். ஒழுங்கையில் கால் வைத்ததே இல்லை. நான் யாவாரம் படித்தது அப்படித்தான். இப்போது எனக்குள் ஒருவன் அதே யாவாரம் செய்கிறான். கோபம் வரமாட்டேன் என்கிறது. ஆளைப் பார்க்க ஆசை.

மார்கழி 7, ஞாயிறு

நல்ல வெயில். காய்ச்சல் இல்லை. நடுகை தொடங்கியிருக்கும்.

காலையில் டொக்டர் பிள்ளையிடம் இன்னொன்று கேட்டேன்: ஏன் மாதக்கணக்கு? உள்ளே பதுங்கினதை மருந்து மெல்ல மெல்லத்தான் பிடிக்குமாம். இடையில் விட்டால் சத்தமில்லாமல் கிடந்து பிறகு எழும்புமாம். சிலருக்கு வருசங்கள் கழித்து. திரும்பி வந்தால் உயிரையும் கொண்டுபோகும் என்றது. தலையாட்டினேன். சேட்டு நினைவு போகவில்லை.

பிறகு கண்ணை மூடிக் கிடக்க ஒன்று பிடிபட்டது. சில நாள் ஒழுங்கையில் ஆமி இராது. சூட்டுச் சத்தமில்லை, நாய் குரைப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது போல. அந்த நாட்களில்தான் நாங்கள் கூடுதலாகச் சரக்கு ஏற்றினோம்.

மூன்று நாளாக என் உடம்பில் சத்தமே இல்லை.

மத்தியானம் சரோ. இடியப்பம், சொதி, அடியில் சேட்டும் வேட்டியும், அயர்ன் பண்ணி. அடுத்த கடையில் எங்கள் ஆட்கள் நிற்கக் கண்டாளாம். அந்தோனி அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "நான் ஒண்டும் காணேல்லை" என்றார்.

"சேட்டைத் திருப்பிக் கொண்டு போ."

"அப்ப விதை வெங்காயம்?"

"உன்ரை தம்பியைக் கடை திறக்கச் சொல்லு. போறவை போகட்டும். செருப்பில்லாமல் களஞ்சியத்துக்கை இறங்க வேண்டாமெண்டும் சொல்லு."

சரோ சேட்டை மடித்தாள். மடித்ததைத் திரும்ப மடித்தாள். வேட்டியை மட்டும் விரித்து என் காலில் போர்த்துவிட்டாள்.

ஊசி போடுகிற பிள்ளை வந்து நிற்கிறது. இடது கையில் இனி நரம்பு அகப்படாதாம். எழுதுகிற வலது கையைக் கேட்கி—