சாத்திய ஜன்னலும் வெளுத்த மோதிரமும்

மேடம்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காடாம்புலியூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பலாச்சுளையை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, இரண்டு நாளாகக் கக்கூஸே கதியாகக் கிடக்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரை நாக்கில் பட்டதும் செம்புக்காசைச் சப்பியது போல இருந்தது. அட்டையில் பெயரை எழுத்துக்கூட்டினேன். உங்கள் கண்ணாடிக் குப்பியில் தினமும் கரைந்த அதே மருந்து.

காலேஜில் நான் கான்ட்ராக்டில் பெருக்குகிறவள். நீங்கள் பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு வந்தவர். "அப்படி என்னதான் பண்ணிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, என்னையும் ஓர் ஆளாக மதித்துச் சொன்னீர்கள்.

"மருந்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் ஏத்தறேன்க்கா. எவ்வளவு ஏத்தினா வேற பொருளா மாறுதுன்னு பாக்கறேன். வயித்துக் கிருமியும் இதைத்தான் செய்யுது. தன்கிட்ட இருக்கறதைக் குடுத்து மருந்தை விஷமாக்கிக்கிட்டுச் சாவுது."

"சொந்தக் காசுல வாங்கிக் குடிக்கிற எங்க வூட்டுக்காரர் மாதிரி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

கரண்ட் ஏற்ற, மயிரிழைக் குழாயிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். காற்றடித்தால் சொட்டு முன்னாலேயே விழுந்துவிடும், சுரங்கத்துக் கரித்தூள் பட்டால் கெட்டுவிடும் என்று, என்னிடம் பழைய புடவை வாங்கிக் கிழித்து ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்தீர்கள். நெய்வேலியில் கரித்தூளுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தாதவர் யார்? ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

சிந்திய சொட்டுகள் துடைப்பத்துக்கு அகப்படாமல் மேஜைக்கடியில் ஓடும். "தொடாதீங்கக்கா, அதோட காத்தே ஆகாது. வெளிய போங்க" என்று என்னை விரட்டிவிட்டு, நீங்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள்.

முதலில் உங்கள் நிச்சயதார்த்தத் தங்க மோதிரம் வெளுத்தது. "மாப்பிள்ளை வெள்ளியில தங்க முலாம் பூசிக் குடுத்துட்டாரா?" என்று வாரினேன். அப்புறம் கை நடுங்கியது. "என்னங்க மேடம், டீ பரதநாட்டியம் ஆடுது?" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஜன்னலைத் தொறங்களேன்."

"இன்னும் கொஞ்சம்தான்க்கா பாக்கி. முடிச்சிட்டுத் திறந்துடலாம்."

ஈறில் ரத்தம் வந்தது. என் பெயர் மறந்தது. ஒரு நாள் ஆம்புலன்ஸில் போனவர் திரும்பவில்லை. சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். மோதிரத்தை வெளுக்கவைத்த அதே பாதரசம்தான் என்று நினைக்கிறேன். அந்த அறை இன்னும் பூட்டியே கிடக்கிறது. கதவோரம் பெருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் என்னவோ சொட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த அறைக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்கிறேன். கரித்தூள் வந்தால் வரட்டும், துடைக்கத்தானே நான் இருக்கிறேன். போன வாரம் பிரின்சிபால் அறையில் திறந்து வைத்தேன். குரங்கு வந்து அவருடைய டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனது. மூடியை வைத்துவிட்டுப் போனது.