வெள்ளிக்கிழமை விட்ட மாத்திரைகள்

கார்த்திகை 18, வியாழன். 27 வாரம் 3 நாள்.

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப். பிரஷர் 130/86. போன தடவை 116தான். முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் ஏறியது. ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டாள். பெயர் வைக்கவில்லை. மனசுக்குள் ஒன்று வைத்திருக்கிறேன், இதில்கூட எழுத மாட்டேன்.

அதனால்தான் இந்தத் தடவை மூன்றாம் மாதம் முடிந்ததுமே ஆஸ்பிரின். குட்டி மாத்திரை. தினம் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு.

நர்ஸக்கா என் பையிலிருந்த அட்டைகளை எண்ணினார்.

"பதினாலு மிச்சம். எப்படிம்மா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் போடறதில்லக்கா. விரதம்."

"யாரு போட வேணாம்னாங்க?"

"யாரும் சொல்லல. பாலும் பழமும் தவிர எதுவும் என் வாயில படாதுன்னு அத்தை வேண்டிக்கினாங்க. வெறும் வயித்துல போடாதன்னு நீங்க சொன்னீங்க. ரெண்டும் கேட்டேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "புள்ளைக்கு விரதம் இருந்துக்கினு, புள்ளையோட மாத்திரைய வுட்டுட்டியே! வுட்டதுக்குச் சேர்த்து ரெண்டா போட்டுடாத. இனிமே ஒரு நாளும் வுடாத. திங்கக்கிழமை விழுப்புரம் போய் ஸ்கேன் எடு."

இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்: தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம், மேல்வயிற்று வலி.

கார்த்திகை 19, வெள்ளி.

வெயில். அத்தையும் நானும் மல்லாட்டை உரித்தோம். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? கால் படி கடலை உரித்த பிறகுதான் வாய் வந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அம்மனுக்கு வேண்டிக்கினது யாரு?"

"நீங்கதான் அத்தை."

"அப்ப விரதத்த நான் இருந்துட்டுப் போறேன். நீ சோத்தப் போட்டுத் துன்னு. மாத்திரையப் போடு."

மாமாவுக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து அவருக்கும் இதே ஆஸ்பிரின். "எனக்கும் மருமவளுக்கும் ஒரே மாத்திரையா? அப்ப எனக்கும் ஒரு வளைகாப்பு போட்டுடுங்க."

"உன் கைக்கு வளையலா? மாட்டுக்குக் கட்டற கயிறுதான் சரி."

பசியிலும் அத்தைக்கு வாய் குறையவில்லை. நான் தயங்கித் தயங்கி முதல் கவளம் போட்டேன். அப்புறம் இரண்டு தட்டு.

கார்த்திகை 22, திங்கள்.

கிளியனூர் பஸ். திண்டிவனத்தில் மாறி விழுப்புரம். என் வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி கம்பெனியில் லீவு இல்லை, அத்தைதான் கூட. பஸ்ஸில் நின்ற பையன்களை அதட்டி எனக்கு சீட் வாங்கினார்.

மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் பிள்ளை போன அன்றைக்கு ஒரு டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பேசவே இல்லை. இன்றைக்கும் பேசவில்லை. சாமி, பேசச் சொல்லு.

சத்தம் வந்தது. குதிரை ஓடுகிற மாதிரி! இதயமாம்!

"ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. எடையும் சரியா இருக்கு. சிறுநீர்ல உப்பு இல்ல." பிரஷர் 122/80. "மாத்திரைய முப்பத்தாறு வாரம் வரைக்கும் போடுங்க. நாங்க சொல்லாம நிறுத்தாதீங்க."

வெளியே வந்து அத்தையைக் கட்டிக்கொண்டேன். "வுடுடி, எல்லாரும் பாக்கறாங்க," என்றார். என்னை விடவில்லை.

கார்த்திகை 24, புதன். 28 வாரம் 2 நாள்.

முதல் பிள்ளையின் துடிப்பு நின்றதும் இதே 28 வாரம் 2 நாளில்தான். இத்தனை வாரம், இத்தனை நாள் என்று அன்றைய ஸ்கேன் சீட்டில் இருந்தது. வேறு எதுவும் மறந்தாலும் அது மறக்காது.

காலை எழுந்ததும் அசைவில்லை. இடது பக்கம் படுத்தேன். கேப்பைக் கூழ் குடித்தேன். மறுபடி படுத்தேன். அத்தை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

ஒரு உதை. விலாவிலேயே. இன்னொன்று. அத்தையின் கையை இழுத்து வைத்தேன். "ஐயோ, இன்னா வேகம்!" அழுதுகொண்டே சிரித்தார். பத்து வரை எண்ணினோம், அப்புறமும் உதை நிற்கவில்லை.

நாளைக்கு 28 வாரம் 3 நாள். வயிற்றில் பிள்ளையோடு அந்த நாளில் நான் இருந்ததே இல்லை. எப்படி இருக்கும்?