தோற்க வேண்டிய வார்டு

மார்ச் 3, செவ்வாய்

துண்டறிக்கைகள் அச்சாகி வந்துவிட்டன. என் முகம் பெரிதாக இருக்கிறது. பின்னால் முதியோர் பகல் இல்லத்தின் வாசல். கட்சியின் பெயர் அடியில், எறும்பு அளவில். பிரதமர் ஆஷ்பர்னின் பெயர் எங்குமே இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். இந்த வட்டாரத்தில் எங்கள் கட்சியில் நிற்கும் எல்லோரும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறோம்.

கிளைவ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தம்மா, சுயேச்சையா?" என்றார். கட்டிய கணவனுக்கே இவ்வளவு வாய்.

சாயங்காலம் பிஷப்ஸ் லேனில் வீடு வீடாகப் போனோம். மழை. மூன்றாவது வீட்டில் ஹாரி கதவைப் பாதி திறந்தார். அவர் மனைவி சாகும்வரை தினமும் ஊசி போட்ட செவிலி நான்.

"பெவ், உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. ஆனா அந்த ஆளு இருக்கிற வரைக்கும் உங்க கட்சிக்கு என் கை போகாது."

"நான் அவரில்லையே, ஹாரி."

"அவன் என் வாசலுக்கு வரமாட்டானே. நீதானே வர்றே."

வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கொடுத்து வந்த உதவித்தொகையை ஆஷ்பர்ன் போன குளிர்காலத்தில் வெட்டினார். ஹாரியின் மகளுக்கு வந்துகொண்டிருந்தது நின்றுபோயிற்று. நானும்தான் திட்டினேன், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு.

மார்ச் 8, ஞாயிறு

கணக்கு எளிது. ஹெல்ம்ஷா நகர மன்றத்தில் எங்களுக்கு ஒரே ஓர் இடம்தான் அதிகம். இந்த மே மாதம் ஆட்டம் காண்பது என் வார்டு ஒன்றுதான், மற்றவை எப்படியும் இருக்கிற மாதிரியே இருக்கும். நான் தோற்றால் மன்றம் அவர்கள் கைக்குப் போகும். போனால் பகல் இல்லத்தை விற்றுவிடுவார்கள். மறைக்கவில்லை, அவர்களுடைய அறிக்கையிலேயே போட்டிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு கரோல் தன் அம்மா வின்னியை வாரம் ஐந்து நாளும் இல்லத்து வண்டியில் அங்கேதான் அனுப்புகிறாள். வின்னிக்கு ஞாபகம் போய் நாலு வருஷம் ஆகிறது. கரோல் இன்று வேலியோரம் நின்று கேட்டாள்: "ஜெயிச்சிடுவ இல்ல, பெவ்? இல்லைன்னா நான் வேலையை விடணும். எங்க வேற வழி?"

ஜெயிச்சிடுவேன்னு சொல்லிட்டேன். சொல்லாம என்ன பண்றது.

மார்ச் 19, வியாழன்

கட்சிக் கூட்டம். கட்சி நிற ரிப்பன் பூவைக் கோட்டில் குத்திக்கொண்டு வந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார்கள். வழியில் யாரும் பார்த்துவிடக்கூடாதாம்.

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் டாமியன் ஹோல்ராய்ட் லண்டனிலிருந்து வந்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் இந்த ஊரில் ஒரு நாய்க்கும் தெரியாத பையனாக வந்தவரை வீடு வீடாகக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தியது நான். இன்னும் என்னைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். கூட்டத்தில் எல்லோரும் ஆஷ்பர்னைக் கிழித்தார்கள். டாமியன் கைகட்டிக் கேட்டுவிட்டு, "மே வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. அப்புறம் நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். "நாங்க" என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இரண்டு நாய்கள் துரத்தின. ஒரு வீட்டில் டீ கிடைத்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பிரதமர் வருகிறாராம். வெள்ளிக்கிழமை. என் வார்டுக்கு. பகல் இல்லத்துக்கு!

கட்சித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஃபோனில் தேன் ஒழுகப் பேசினாள். அவர் வருகையைத் தட்டிக்கழிக்க மற்ற ஊர் வேட்பாளர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்குப் பல்வலி, ஒருத்தர் மகள் கல்யாணம், ஒருத்தர் வீட்டில் கொதிகலன் வெடித்துவிட்டது. எனக்குச் சட்டென்று ஒரு பொய்கூட வரவில்லை. வேண்டாம் என்றேன். "உங்க நாடாளுமன்ற உறுப்பினர்தானே கேட்டு வாங்கினார்?" என்றாள்.

டாமியனைக் கூப்பிட்டேன். "அந்தப் பொண்ணு குழப்பிக்கிட்டிருக்கா, பெவ். எல்லாம் மேலிடத்து முடிவு. என் கையில ஒண்ணுமில்ல."

கிளைவ் மட்டும் சிரித்தார். "உயரமா ஒருத்தன் பின்னால நின்னுக்கோ. சிரிக்காதே. கையைப் பைக்குள்ள வச்சுக்கோ."

ஏப்ரல் 10, வெள்ளி

வந்தார், போனார். அவரைப் பிடிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

டிவியில் தெரிகிற திமிர் நேரில் இல்லை. தூக்கமில்லாத ஆள். வின்னி அவரைப் பார்த்ததும், "பிளம்பரா? ரெண்டு வாரமா குழாய் ஒழுகுது, இப்பத்தான் வர்றீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த கூட்டம் உறைந்துவிட்டது. அவர் மட்டும், "மன்னிக்கணும்மா, நிறைய வீட்டுல ஒழுகுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளோடு உட்கார்ந்து கேக் சாப்பிட்டார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "வாசல்ல என்ன சொல்றாங்க?" என்றார்.

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"அதைச் சொல்ல எனக்கு ஆளே இல்லை."

"நீங்க போகணும்னு சொல்றாங்க. அந்த உதவித்தொகையை வெட்டியிருக்கக்கூடாது, ஐயா."

தலையாட்டினார். கோட்டில் கேக் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வெளியே கேமராக்காரர்கள் நிற்கிறார்களே என்று கை தானாகப் போய்த் தட்டிவிட்டது. நாற்பது வருடம் செவிலியாக இருந்த கை. யார் மேல் எது ஒட்டியிருந்தாலும் துடைத்துத்தான் பழக்கம். கேமராக்காரர்கள் வெளியே மட்டுமில்லை, ஜன்னலிலும் நின்றிருந்தார்கள்.

டாமியன் வரவில்லை. லண்டனில் அவசர வேலையாம்.

ஏப்ரல் 18, சனி

எங்கள் வீட்டுக் கதவின் தபால் துவாரம் வழியாகவே வந்து விழுந்தது. எதிர்க்கட்சித் துண்டறிக்கை, பளபளவென்று. முழுப்பக்கத்துக்குப் படம்: பிரதமரின் நெஞ்சில் என் கை, நான் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். கீழே: "பெவர்லி ஆர்மராட் ஆஷ்பர்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். உங்களை?"

கிளைவ் அதை மடித்து மேசைமேல் வைத்துவிட்டார். அவர் கேலி செய்யவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மத்தியானம் ஹாரியின் மகள் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அவன் சட்டையைத் துடைக்க உனக்கு நேரம் இருக்கு. எங்கப்பனைத் துடைக்க எனக்குக் காசு எங்க?"

பால் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, சனி

தேர்தலுக்கு முந்தின கடைசிக்கு முந்தின சனிக்கிழமை. டாமியனின் ஆட்கள் இருபது பேர் வருவதாக ஏற்பாடு. பேருந்து நிலையத்தில் நானும் கிளைவும் காத்துக் காத்து நின்றோம். ஓர் ஈ காக்காகூட வரவில்லை. அந்தக் கூட்டம் பக்கத்து ஊரில், எப்படியும் ஜெயிக்கிற வார்டில் இருந்ததாக மத்தியானம் தெரிந்தது.

நேராக டாமியன் அலுவலகத்துக்குப் போனேன். தனியாக இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். இல்லை என்று சொல்வார், தப்பு நடந்துவிட்டது என்பார் என்றுதான் நினைத்தேன்.

"உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன், பெவ். மே மாசம் நாம ஓரளவு தேறிட்டோம்னா அந்த ஆளு நகரமாட்டான். இன்னும் ரெண்டு வருஷம் ஒட்டிக்கிட்டு இருப்பான். பொதுத்தேர்தல்ல மொத்தக் கட்சியும் குழிக்குள்ள. நல்லா அடி விழணும். ஹெல்ம்ஷா மாதிரி ஊர்லயே விழணும். அப்பத்தான் மத்தவங்க வாயைத் திறப்பாங்க."

"அவரை இங்க கூட்டிட்டு வந்தது நீதானே."

டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நான் தோக்கணும்."

"யாரும் அப்படிச் சொல்லல."

"சொல்லு, டாமியன். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"எனக்கு உன்னைத் தெரியும். நீ தாங்குவே." அதுதான் சொன்னான். நீ தாங்குவே! "நாங்க பதவிக்கு வந்ததும் எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

"கட்டடத்தை வித்த பிறகா?"

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் அழுகை. அவன் சொன்னதில் பாதி சரி என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆஷ்பர்ன் போகத்தான் வேண்டும். ஆனா அதுக்கு வின்னிதான் கிடைச்சாளா?

ஏப்ரல் 26, ஞாயிறு

பத்திரிகைக்குச் சொல் என்கிறார் கிளைவ். சொன்னால் என்ன ஆகும்? கட்சி அடித்துக்கொள்கிறது என்று எழுதுவார்கள். எனக்கு இருக்கிற கொஞ்ச ஓட்டும் போகும். டாமியனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான், படுபாவி.

சொல்லப் போவதில்லை. மீதி வீடுகளை நாங்கள் இரண்டு பேரும் முடிப்போம்.

மே 5, செவ்வாய்

முழங்கால் வீங்கிவிட்டது. கதவுகள் திறப்பதே குறைவு. திறந்தவர்களில் ஒரு கிழவி, "படத்துல அழகா இருந்தே கண்ணு" என்றாள். ஓட்டு கிடையாதாம்.

மே 7, வியாழன்

ஓட்டுச் சாவடி வாசலில் நாள் முழுவதும் நின்றேன். மக்கள் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். கண்ணைப் பார்க்கவில்லை.

மே 8, வெள்ளி

விளையாட்டு அரங்கில் எண்ணிக்கை. மறுபடி எண்ணச் சொன்னோம். ஒன்பது ஓட்டில் போயிற்று.

ஒன்பது. இருபது பேர் ஒரு சனிக்கிழமை நடந்திருந்தால் ஒன்பது கிடைத்திருக்காதா?

டாமியன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கண்ணில் தண்ணீர், நிஜத் தண்ணீர், அதுதான் எனக்குப் புரியவில்லை. அவர் தோளுக்கு மேலே கேமராவின் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது. உதறியிருக்கலாம். உதறவில்லை. இவ்வளவு பேர் பார்க்கும்போது கட்சியைக் காட்டிக்கொடுக்க எனக்குக் கை வரவில்லை. என்ன ஜென்மம் நான்.

மே 10, ஞாயிறு

டிவியில் டாமியன். ஆஷ்பர்ன் விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் ஆள். "என் தோழி பெவ் ஆர்மராட், நாற்பது வருஷம் இந்த ஊருக்குச் செவிலியா உழைச்சவங்க. ஒரே ஒரு மனுஷனோட பிடிவாதம் அவங்களைத் தோற்கடிச்சிடுச்சு. அவங்களுக்காகத்தான் இன்னைக்குப் பேசுறேன்."

கிளைவ் ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

ஃபோன் நிற்கவில்லை. "உன் பேரு வந்துச்சே!" என்று ஊரெல்லாம் சந்தோஷப்படுகிறது. கரோல் மட்டும் கூப்பிடவில்லை.

மே 21, வியாழன்

ஆஷ்பர்ன் ராஜினாமா. தன் வீட்டு வாசலில் நின்று மூன்று நிமிடம் பேசிவிட்டு உள்ளே போய்விட்டார். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், தொடர்ந்து உரித்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

நகர மன்றத்தில் பகல் இல்லத்தை விற்க முடிவு. ஓர் ஓட்டு வித்தியாசம். பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து என் நாற்காலியில் இருந்தவர் கை தூக்குவதைப் பார்த்தேன்.

ஜூலை 14, செவ்வாய்

புதிய பிரதமர், புதிய அமைச்சர்கள். டாமியன் முதியோர் நலத்துறை அமைச்சர். இதை நான் கற்பனை செய்யவில்லை.

கூப்பிட்டேன். கூப்பிடக்கூடாது என்று சத்தியம் செய்திருந்தும் கூப்பிட்டேன், வின்னிக்காக. முதலில் உதவியாளர், அப்புறம் அவரே.

"பெவ்! உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. இல்லத்தை விக்கிறதை நிறுத்தணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அது உள்ளூர் மன்றத்தோட முடிவு. ஒரு அமைச்சர் தலையிட்டா நல்லா இருக்காது. புரிஞ்சுக்குவே இல்ல?"

புரிஞ்சது என்றேன். வாழ்த்தும் சொன்னேன், வெட்கம் கெட்டவள்.

கட்சியின் செல்வாக்கு ஏறுகிறதாம், செய்தியில் சொன்னார்கள். அவன் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

ஜூலை 31, வெள்ளி

இல்லத்தின் கடைசி நாள். உதவிக்குப் போனேன். சாண்ட்விச், ஒருவர் பியானோ வாசித்தார். நாற்காலிகளை வாங்கியவன் மூன்று மணிக்கே லாரியோடு வந்து நின்றுவிட்டான். உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி எழுப்பி ஏற்றினோம்.

கரோல் வேலையை விட்டுவிட்டாள். என்னைப் பார்த்து, "உன் தப்பில்ல" என்றாள். என் தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வின்னிக்குக் கோட்டு மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கட்கிழமை வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டாள். தினமும் காலையில் இல்லத்து வண்டி வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். அதை மட்டும் அவள் மறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு என்றேன்.

"நான் தயாரா இருப்பேன்" என்றாள்.