காத்தாடி முன் காலித் தட்டு

என் மகளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

நேற்று கிடங்கின் சாப்பாட்டு அறையில் என் மானம் கப்பலேறியது. ஒரு கையில் போன், மறு கையில் காலித் தட்டு. ஓடுகிற மேசைக் காத்தாடி முன் நின்று தட்டைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, "என்னண்ணே, சோறு இன்னும் ஆறலையா? தட்டுல ஒண்ணுமே காணோமே!" என்றார். அறையே சிரித்தது.

எல்லாம் போனில் இருந்த உன் மகள் வேலை. மின்பாயம் என்று பரீட்சைக்குப் பாடமாம்; ஒரு பரப்பு வழியாக மின்புலம் எவ்வளவு பாய்கிறது என்ற கணக்கு. "காத்துதான் மின்புலம்னு வெச்சுக்கோங்கப்பா. தட்டு அதுக்கு முகம் காட்டினா முழுசா பாயும், சாய்ச்சா குறையும், விளிம்பைக் காட்டினா ஒண்ணுமே பாயாது. இது திறந்த பரப்பு" என்றாள்.

அடுத்தது மூடிய பெட்டி. உள்ளே மின்னூட்டம் இல்லாவிட்டால், புகுந்ததெல்லாம் வெளியே போய்விடும்; மொத்தம் சுழியம். நீ சொல்வதெல்லாம் என் மண்டையில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகிறதே, அதே கணக்கு.

வழக்கமாக "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவாள். நேற்று "புரிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பெட்டியை இன்னொரு தடவை சொல்லு."

"அய்யோ, உங்களை வெச்சுக்கிட்டு!" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். இடைவேளை முடியும்வரை பேசினாள்.

அவள் போனுக்குச் சார்ஜ் போட்டு வை. ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வருபவர் யாராவது இருந்தால் அவளுடைய பழைய இயற்பியல் புத்தகத்தைக் கொடுத்தனுப்பு. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

அவளிடம் சொல்லிவிடாதே. பெட்டி எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.