சத்தமில்லாமல் திறக்கிற பூட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன், கேட்டால் 'ம், இருக்கேன்' என்பாய், அதற்கு மேல் ஒரு சொல் வராது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் நீ ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நான் பாதியில் புகுந்துவிடுகிறேன். அது எனக்கே தெரிகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பாதியில் மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாலும் நான் பார்க்கப் போவதில்லை.

அப்பா ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் மைக்கில் பேசிய மனிதர், இப்போது எனக்கு அறிவிக்கிறார். குளிக்கப் போகிறேன், குளித்துவிட்டேன், குழாயில் தண்ணீர் பத்து நிமிடம் தாமதம். தம்பி வேலை மாறியிருக்கிறான். மேலதிகாரி அவனைவிட இளையவராம், அதனால் தாடி வளர்க்கிறான். ஷோரூமில் வழக்கம்போல. வீடு கட்டுகிறவர்களுக்கு எந்தக் கதவுக்கு என்ன பூட்டு, என்ன கைப்பிடி, எத்தனை கீல், கேமரா எங்கே என்று சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருஷம் போய்விட்டது. ஸ்டோரில் இருக்கிற பெரியவருக்கு முழங்கால் கிறீச்சிடும் என்பதால் கீல் சார் என்று பெயர் வைத்தோமே, அவர் இன்னும் தனக்கு எண்ணெய் விட ஆளில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ அடுத்த மாதம் பத்து நாள் வருகிறாய் என்று அப்பா அறிவித்ததும் உன் அறைக்கு வண்ணம் பூச ஆள் சொன்னேன். மெத்தையை வெயிலில் போட்டேன். மறுநாள் நீ எனக்கு எழுதினாய், ஆபீஸ் ஹோட்டலில் அறை போட்டிருக்கிறது, பத்து நாளும் அங்கேதான், ஒருநாள் மதியம் சாப்பிட வருகிறேன் என்று. ஆபீஸ் போடவில்லை, நீயேதான் போட்டாய் என்று தம்பி உளறிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் கிண்டிக் கேட்டேன். அந்த ஹோட்டலிலிருந்து நம் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிடம். நடந்தே பார்த்தேன். அந்தக் கோபத்தில் உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். பெற்றவர்கள் வீடு கசந்துபோய்விட்டதா என்று ஆரம்பம், மற்றதை நீயே ஊகித்துக்கொள்ளலாம். 'இத அனுப்பினா அந்த ஒருநாள் சாப்பாட்டுக்கும் வர மாட்டா' என்றார் அப்பா. 'வர வேணாம்' என்றேன். தபால்தலை ஒட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். தபால் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் கை வேறு எதையாவது பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் பெயிண்டர் உன் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நீ போனபிறகு கதவோரம் தள்ளிப் போட்டிருந்த கட்டிலை நகர்த்தியிருந்தார். மேசை இருந்த இடத்திலிருந்து கதவுவரை தரையில் இரண்டு கோடு. கீறல் என்று சொல்ல முடியாது, அதைவிட ஆழம். 'தினமும் எதையோ இழுத்திருக்காங்கம்மா, வண்டித்தடம் மாதிரி இருக்கு பாருங்க' என்றார். 'என் பொண்ணுதான். எதையும் தூக்கி வைக்கிற பழக்கமே கிடையாது' என்றேன். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இனி சொல்லப்போவது ஷோரூம் கதை. உனக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் இது இல்லாமல் மற்றது புரியாது. மூன்று மாதத்துக்கு முன்பு ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் மகனோடும் மருமகளோடும் வந்தார். புது வீடு, பதினொரு கதவு. எப்போதும் செய்வதுபோல வரைபடத்தை விரித்து ஒவ்வொரு கதவாகக் கேட்டு எழுதினேன். இதில் யார் போய்வருவார்கள், யாரைத் தடுக்க வேண்டும், அவசரம் என்றால் யார் உள்ளே போக வேண்டும். ஒன்பதாவது கதவு நர்ஸம்மாவின் அறை. 'எனக்கு உள்ள போட்டுக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் போதும்' என்றார். மகன் பதறிவிட்டான். நல்ல பிள்ளை. 'உள்ள விழுந்து கெடந்தா நான் எப்படிம்மா வருவேன்' என்றான். நான் அவன் பக்கம் திரும்பினேன். நம் வீட்டில் போட்டோமே, அதே பூட்டை எடுத்தேன். உள்ளே குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியே சின்னதாக ஒரு காடி, அதில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். செய்தும் காட்டினேன். 'பாத்தியாம்மா, அஞ்சு செகண்டு' என்று மகன் சிரித்தான். நர்ஸம்மா அதைக் கையில் வாங்கி அந்தக் காடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். 'நல்லாயிருக்கு' என்றார். ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்பதுக்கு நேராக டிக் போட்டேன்.

சென்ற வியாழக்கிழமை தனியாக, பஸ்ஸில் வந்தார். பூட்டை அவரே கழற்றி, திருகாணிகளைத் தனியாக ஒரு மாத்திரைக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். 'இத வெச்சுக்கிட்டு வேற குடுங்க' என்றார். 'ஏம்மா, திருக வரலையா' என்று கேட்டேன். 'நல்லா வருது. எல்லாருக்கும் நல்லா வருது, அதான் கஷ்டம்' என்றார். மருமகள் துவைத்த துணியை வைக்க வருகிறாளாம். மகன் மாத்திரை போட்டாயா என்று பார்க்க வருகிறானாம். ஒருவரும் கெட்டவர்களில்லை. 'நாப்பது வருஷம் வார்டுல எனக்குத் துணித் திரைதான் கதவு. விலக்கிக்கிட்டு யார் வேணா வருவாங்க. அந்த ரூம்ல நான் என்ன பண்ணப் போறேன்னு கேட்டா, ஒண்ணும் பண்ணப் போறதில்ல, சும்மா உக்காந்திருப்பேன். அதையும் ஒருத்தர் வந்து பாக்கணுமா' என்றார். பிறகு, 'அன்னைக்கு நீங்க என் பிள்ளையத்தான் கேட்டீங்க. படுக்கப் போறது நான்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஊசி போட்டபிறகு பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்வார்களே, அந்தக் குரல்.

அவருக்குச் சாதாரணத் தாழ்ப்பாள் ஒன்று கொடுத்தேன். கதவு நிலையில் தாழ் போய் உட்காருகிற கொண்டியை மட்டும் குட்டைத் திருகாணியால் பொருத்தச் சொன்னேன். ஒரு ஆள் தோளால் இடித்தால் பெயர்ந்துவிடும். விழுந்தால் காப்பாற்றலாம், ஆனால் யாரும் சத்தமில்லாமல் உள்ளே வர முடியாது. 'இது போதும். வரவங்க இடிச்சுக்கிட்டு வரட்டும், நானும் தலைய வாரிக்குவேன்' என்று சிரித்தார். போகும்போது வாசலில் நின்று, 'இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா' என்று கேட்டார். தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல.

வீடு வரும்வரை அந்தக் கேள்விதான். தெரியும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்தே தெரியும். உனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு வாடிக்கையாளர் வீட்டில் குழந்தை இரண்டு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த வாரமே நம் வீட்டில் எல்லா அறைக்கும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு இந்தப் பூட்டைப் போட்டேன். 'என் ரூமுக்குமா' என்று நீ கேட்டாய். 'உன் ரூம் என்ன தனி நாடா, விசா வாங்கிக்கிட்டு வரதுக்கு' என்றேன். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அடுத்த வருஷம், உன் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வந்த வாரம். ஒரு மதியம். நான் கத்தரிக்கோல் கேட்கத்தான் வந்தேன். கதவைத் தட்டியிருக்கலாம். கையில் நாணயம் இருந்தது, திருப்பினேன். நீ கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாய். ஒரு கையைத் தூக்கி, கண்ணாடியைப் பார்த்து, 'அம்மா, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் நீ ஒண்ணும் பேசாத' என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'என்னடி, மேடைப் பேச்சா' என்றேன். 'ஒண்ணுமில்ல' என்று இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, கூர்ப்பக்கத்தை நீ பிடித்துக்கொண்டு, பிடியை என் பக்கம் நீட்டினாய். நான் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் சொன்னேன். தம்பி கையைத் தூக்கி நடித்துக் காட்டினான். வருஷம் முழுக்க நடித்தான், உப்பு கேட்பதற்குக்கூட 'அம்மா, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும்' என்று தொடங்குவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நீ தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாய். அடுத்த கோடையில் நீ தூரத்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதே எங்களுக்குப் பெட்டி கட்டும்போதுதான் தெரியும்.

அந்த வாக்கியம் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படிப்பைப் பற்றியா, ஒரு ஆளைப் பற்றியா, என்னைப் பற்றியேவா. பதினொரு வருஷம். எதுவாக இருந்தாலும் அது இதற்குள் முடிந்துபோயிருக்கும். கேட்கவில்லை, நீ சொல்லவும் வேண்டாம். வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ முடிக்கும்வரை அவர்கள் கேட்டிருக்கட்டும்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், உன் அறைத் தரையில் மண்டியிட்டு அந்தக் கோடுகளைப் பார்த்தேன். நாற்காலியின் பின்கால்கள் இழுபட்ட தடம். இரண்டும் கதவுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கின்றன, கைப்பிடிக்கு நேர் கீழே, நாற்காலியின் முதுகைக் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்தால் கால் ஊன்றுகிற இடம். வேலையாக வீடுகளுக்குப் போகும்போது கதவருகே இப்படி ஒரு நாற்காலியைப் பார்த்தால் நான் உடனே கேட்பேன், இந்தப் பூட்டை யார் சொல்லிப் போட்டீர்கள் என்று. என் வீட்டில் கேட்கவில்லை. தரை வீணாகிறது என்று உன்னைத் திட்டினேன். ஷோரூமிலிருந்து நாற்காலிக் கால்களுக்கு ஒட்டுகிற கம்பளி வட்டங்களைக் கொண்டுவந்து நானே நான்கு காலிலும் ஒட்டினேன். வழுக்கிக்கொண்டு நகரும், சத்தமே வராது, பார் என்று பெருமையாகச் சொன்னேன். நான்கும் இப்போது உன் இழுப்பறையில் கிடைத்தன. நகத்தால் பிய்த்திருக்கிறாய். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறாய்.

அன்று மாலையே அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டேன். கதவில் இப்போது ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. அப்பா அதில் ஒரு கண்ணை வைத்து, 'இது எந்த ஊர் ஃபேஷன்' என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். அவர் எதையும் அறிவிக்கவில்லை. ஓட்டைக்கு ஓர் அட்டையை வெட்டிக்கொண்டே, 'நானும்தான் சிரிச்சேன்' என்றார். தம்பிக்குப் போன் செய்தேன். முதலில் அதே குரலில் நடிக்கத் தொடங்கினான், பாதியில் நிறுத்திவிட்டான். 'அக்கா அத இன்னுமா நெனச்சுக்கிட்டிருக்கா' என்றான். 'எனக்குத் தெரியாதுடா' என்றேன். அதுதான் உண்மை. பூட்டையும் கண்ணாடியையும் நீ எப்போதோ மறந்திருக்கலாம், ஹோட்டலுக்கு வேறு காரணம் இருக்கலாம், நான்தான் தேவையில்லாமல் கிளறுகிறேனோ என்னவோ. அப்படியானாலும் நான் செய்தது செய்ததுதான்.

நான்கு பக்கக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஹோட்டல் அறையை ரத்து செய்யாதே. உன் அறைக்குப் புதுப் பூட்டு எதுவும் நான் வாங்கவில்லை. உள்ளே இருக்கப்போகிறவரைக் கேட்காமல் இனி எந்தக் கதவுக்கும் எழுதுவதில்லை. உனக்கு ஏதாவது வேண்டும் என்றால் சொல். வேண்டாம் என்றால் ஓட்டை அப்படியே இருக்கட்டும், அப்பா அட்டை வைத்து அடைத்திருக்கிறார்.

ஹோட்டலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இது என் தொழில், தாயாகச் சொல்வதாக நினைக்காதே. அங்கே அட்டை காட்டினால் திறக்கிற பூட்டுதான் இருக்கும். அதை நம்பாதே, எல்லாக் கதவையும் திறக்கிற ஓர் அட்டை துப்புரவுக்காரர்களிடமும் மேலாளரிடமும் இருக்கும். உள்பக்கம் கண் உயரத்தில் ஒரு மடிப்புக் கம்பி இருக்கும், அறைக்குள் போனதும் முதலில் அதைப் போடு. கம்பி ஆடினால் வேறு அறை கேள், கூச்சப்படாதே. அறையிலிருந்து படிக்கட்டுவரை எத்தனை கதவு என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொள். பயணத்துக்கு முன்னால் கண் டாக்டரைப் பார்த்துவிடு, போன முறையே தள்ளிப்போட்டாய். குறையில்லாமல், உன் விருப்பப்படி, நீண்ட நாள் நன்றாக இரு. அப்பாவும் இதையே அறிவிக்கச் சொன்னார்.

அந்தக் கம்பி எல்லோருக்கும்தான். நான் வந்தாலும் கீழே வரவேற்பில் இருப்பவரைத்தான் உனக்குப் போன் செய்யச் சொல்வேன். மேலே வர மாட்டேன். நீ இறங்கி வருகிறேன் என்றாலும் சரி, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னாலும் சரி. பத்து நாளில் எந்த நாள் சாப்பிட வருகிறாய் என்று நீ சொல்லும்வரை இங்கே இருக்கிறேன்.

உன்
அம்மா